ஏழு சீட்டில் ஒரே பெயர்

மார்கழி மாதத்துக் குன்னூரில் அச்சு மைக்கும் விடியப் பிடிக்காது. காலை ஐந்தரைக்கு மூடியைத் திறந்தால், ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி டப்பாவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மோசஸ் அந்த டப்பாவை மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, இரும்புக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான். இளகிய மையை உருளைகளுக்கு ஊட்டி, மெஷினைப் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் காகிதம். காகிதம் மட்டும் என்ன, லேசுப்பட்டதா? ராத்திரியெல்லாம் பனியைக் குடித்து ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். ஒன்றை இழுத்தால் இரண்டு வரும். கட்டுக் கட்டாக உதறி, விசிறி, தட்டி அடுக்க வேண்டும். விரல் மரத்திருக்கும். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தாள் அறுத்தது தெரியும்.

பக்கத்து அறையில் லீலாவதி, கண்ணாடி மேசைக்கு அடியில் எரிகிற குழல்விளக்கின் சூட்டில் கையைக் காட்டிக் காட்டி, அடுத்த மாத அட்டையின் உள்பக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். ‘இளந்தாளம்’ மாத இதழின் பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. புதுப் பாட்டு வரிகள், கிதார் பாடம், மெல்லிசைக் குழுக்களின் பேட்டி, நடுவில் விடுதிக் கதவில் ஒட்டிக்கொள்ள ஒரு பெரிய படம். படிக்கிறவர்களுக்குப் பதினெட்டு வயது. அதை மடித்துத் தைக்கிற மூக்கம்மாவுக்கு ஐம்பத்தெட்டு.

வழக்கமாக அந்த நேரத்தில் மோசஸ் ஒரு பாட்டை முணுமுணுப்பான். கட்டிங் மெஷின் சகாயம் அதைக் கிண்டலடிப்பான். அன்று மெஷின் மட்டும் பேசிற்று. நாலு நாளாகவே அப்படித்தான். ஒரே கெட்டிலில் வந்த தேநீரை ஒன்பது பேரும் ஒன்பது மூலையில் நின்று குடித்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காத கண் இல்லை.

காரணம் இதுதான். போன வாரம் கோயமுத்தூரில் ஒரு போட்டிப் பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. அதன் நடுப்பக்கத்தில், ‘இளந்தாளம்’ இந்த மாதம் போடப்போகிற படம். ஈரோட்டு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிற பெண், இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி. லீலாவதி அந்தப் படத்தைச் சாய்த்து வெட்டி, பின்னால் கேசட் நாடாவைச் சுழலவிட்டு, மூன்று நாள் மண்டையை உடைத்துச் செய்த வடிவம். சாய்வு கூட மாறாமல் அப்படியே வந்திருந்தது.

அச்சகத்தின் முதலாளி ஏகநாதன் கடைவீதியில் கேசட் விற்று முன்னுக்கு வந்தவர். பேரம் படியாத இடத்தில் கத்த மாட்டார், குரலைத் தாழ்த்துவார். எதிராளி காது கேட்காமல் குனிவான். குனிந்தவன் பாதி விலைக்கு இறங்கிவிட்டான் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, அதே தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் யாரையுமே சந்தேகப்படலீங்க. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். உங்களுக்குள்ள நீங்களே பாத்துக்கங்க. ஆளுக்கு ஒரு சீட்டுல, யாருன்னு தோணுதோ அந்தப் பேர எழுதி இந்தப் பெட்டில போடுங்க. உங்க பேர் வேண்டாம். ஒருத்தர் ஒருத்தரா என் ரூமுக்கு வாங்க.”

டேப் ரிக்கார்டர் வந்த அட்டைப் பெட்டி. மேலே ஒரு கீறல்.

லீலாவதி நாலு தடவை யோசித்துவிட்டு எழுதுகிறவள். அன்று யோசிக்கவில்லை. பத்து நாளுக்கு முன்பு, நடுப்பக்கம் சோதனைக்கு ஓடிய அன்று, மோசஸ் இப்படி அப்படிப் பார்த்துவிட்டு அந்தத் தாளில் ஒன்றை மடித்து ஸ்வெட்டருக்குள் செருகியதை அவள் பார்த்திருந்தாள். ‘மோசஸ்’ என்று எழுதினாள். சீட்டு உள்ளே விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்கப்புறம் மோசஸ் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமையான அன்று காலை எட்டு மணிக்கு ஏகநாதன் மெஷின் அறைக்கு வந்தார். மப்ளரைக் கழற்றாமலே சொன்னார்.

“ஒன்பது சீட்டுல ஏழு சீட்டு ஒரே பேருங்க. எனக்கே மனசு கேக்கலை. மோசஸ், நீயா இப்பிடி?”

மோசஸ் மெஷினை நிறுத்தினான். துணியில் கையைத் துடைத்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒவ்வொரு முகமும் வேறு எங்கோ பார்த்தது.

“ஏழு பேருங்களா?” என்றான்.

“நான் போலீசுக்கெல்லாம் போகப் போறதில்ல. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நாளைக்கே உன் மச்சான் ஊருக்குக் கெளம்பிரு. மத்தவங்க, ஆட்சேபனை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.” வாசல் வரை போனவர் திரும்பினார். “அந்தக் கடைசிப் பாரம் இன்னும் நாலாயிரம் பாக்கி இருக்குது பாரு. அத அடிச்சு முடிச்சுட்டுப் போ. நாலு மணிக்கு வேன் வருது.”

திருடனைப் பிடித்தாயிற்று, மிச்சத்தைத் திருடனே அடித்துத் தர வேண்டும். குன்னூர்ச் சந்தையில் எத்தனையோ விதமான வியாபாரம் நடக்கும். இப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

மோசஸ் மெஷினைப் போட்டான். தாள்கள் ஓடின.

பதினொரு மணிக்குப் பாரம் சேர்க்கும் வேலை தொடங்கியது. நீள மேசையைச் சுற்றி, அச்சடித்து மடித்த தாள்களான நாலு பாரங்களும் அடுக்கடுக்காக இருக்கும். நாலு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி நடப்பார்கள். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, கடைசியில் வைத்துவிட்டு மறுபடி நடப்பார்கள். நிற்கக் கூடாது, ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அவசர நாட்களில் லீலாவதியும் அந்த வட்டத்தில் சேர்ந்துகொள்வாள். அவளுக்கு முன்னால் மூக்கம்மா. இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்துவிட்டு, அறுபத்தொன்பதாம் வருஷம் கப்பலேறி வந்தவள். அவளுக்கு நடையும் பேச்சும் ஒரே வேகம்.

மூன்றாவது சுற்றில் மூக்கம்மா திரும்பாமலே கேட்டாள்: “யாரு புள்ள அந்த ஏழு பேரு?”

அடுத்த அடுக்கிலிருந்து தாளை எடுத்துக்கொண்டே அவளே தொடர்ந்தாள்:

“தோட்டத்துல கங்காணி இப்பிடித்தான். ஒவ்வொருத்தரா தனியாக் கூப்புட்டுக் கேப்பான். வெளிய வந்து, எல்லாஞ் சொல்லிட்டாங்கம்பான். நான் சொல்லுறேன், கேளுங்க. நான் வெறுந்தாளைத்தான் போட்டேன். எனக்கு எழுத்து வராது. வந்தாலும் எழுத மாட்டேன். அப்ப எட்டுதான் மிச்சம். மோசசு தன் பேரையே எழுதியிருப்பானா? அப்ப ஏழு. அந்த ஏழும் நீங்கதான். எல்லாருமா எழுதினீங்க?”

கால்கள் நடந்தன. கைகள் தாள் எடுத்தன. லீலாவதிக்குக் கண்ணெதிரே நடுப்பக்கம். டிரம்ஸ் பெண் ஒவ்வொரு சுற்றிலும் குச்சியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சொல்லாமல் இன்னும் நூறு சுற்று சுற்றலாம். சொல்லாவிட்டால் மற்ற ஆறு பேரும் சொல்லப்போவதில்லை. சாயங்காலத்துக்குள் கையெழுத்து விழுந்துவிடும். மோசஸ் திருடன் என்று மலையிறங்கிவிடுவான்.

அவள் நின்றாள். பின்னால் வந்த வீரம்மா முதுகில் மோதிக்கொண்டாள்.

“நான் எழுதினேன்” என்றாள் லீலாவதி. மெஷினைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று உரக்கவே சொன்னாள். “மோசஸண்ணா, உங்க பேர நான்தான் எழுதினேன்.”

மெஷின் நின்றது. அந்த அமைதியில், கட்டிங் மெஷின் ஓரத்திலிருந்து சகாயம் வந்தான். ஐப்பசியில், வேகம் போதவில்லை என்று முதலாளி காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்ன வாரத்தில், இடது கையில் இரண்டு விரல் நுனியை அந்த மெஷினுக்குக் கொடுத்தவன். கட்டு இன்னும் பிரியவில்லை.

“நான் எழுதினது அவன் பேரு இல்ல,” என்றான். லீலாவதியைப் பார்த்துக் கூசினான். “தப்பா நெனைக்காத கண்ணு. உம் பேரு. நீதான அடிக்கொரு தரம் டிசைனத் தூக்கிட்டு மொதலாளி ரூமுக்குப் போற.”

“நானும் உம் பேருதான் அக்கா” என்றாள் வீரம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

பிளேட் போடுகிற ஆறுக்குட்டி, ‘கடவுளுக்குத் தெரியும்’ என்று எழுதியதாகச் சொன்னார். கேமரா அறையிலிருந்து எட்டிப் பார்த்த லெஸ்லி, தான் ஒரு கழுதை வரைந்ததாகச் சொன்னான். “யாரையும் குறிச்சு இல்லப்பா. கை போன போக்கு.” மீதி இரண்டு பெண்களும் பேசிவைத்துக்கொண்டு வெறுந்தாள் போட்டிருந்தார்கள். மோசஸ் எழுதியது ‘யாரும் இல்லை’.

ஆக, ஏழு சீட்டு என்று முதலாளி சொன்னது ஒரே சீட்டு. அது லீலாவதியின் சீட்டு.

“ஏன்?” என்று கேட்டான் மோசஸ். கத்தியிருந்தால் தேவலை.

“நடுப்பக்கத்த மடிச்சு ஸ்வெட்டருக்குள்ள வெச்சீங்க. நான் பாத்தேன்.”

மோசஸ் ஸ்வெட்டரை மார்பு வரை தூக்கினான். உள்ளே, பனியனுக்கு மேல், மை திட்டுத்திட்டாகப் படிந்த பழுதான தாள்கள் வரிசையாக. “வெலிங்டன்ல இருந்து நடந்து வர்றேன் லீலா. எதிர்காத்து. ஆர்ட் பேப்பர்தான் காத்த நிறுத்துது.” நிறுத்தி, “இப்பிடி அப்பிடிப் பாத்தது, வேஸ்ட்டு தாளுக்கும் மொதலாளி திட்டுவாருன்னு” என்றான்.

மூக்கம்மா ரவிக்கைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவிலிருந்து ஒரு தாளின் முனையை இழுத்துக் காட்டினாள். சகாயம் சட்டைப் பொத்தானைத் திறந்தான். அவன் வயிற்றில் கிதார் பாடம். வீரம்மா முதுகில் வாசகர் கடிதம். அந்த மலையில் காகிதத்தோடு வேலை செய்கிற எல்லாருக்கும் அதுதான் உள்சட்டை. மேலே பெர்ன்ஹில்லில் ஹீட்டர் போட்ட வீட்டிலிருந்து தினம் காரில் இறங்கி வருகிற முதலாளிக்கு அது தெரியாது. அருவங்காடு தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்து, வாசலில் பஸ் ஏறி வாசலில் இறங்குகிற லீலாவதிக்கும் அன்றுதான் தெரிந்தது. எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. லீலாவதிக்கு மட்டும் வரவில்லை.

“அப்ப அந்தப் படத்த வித்தது யாரு?” என்றார் ஆறுக்குட்டி.

லீலாவதி மெதுவாகச் சொன்னாள்: “போன மாசக் கடைசில விளம்பரம் கேட்டு மொதலாளி கோயமுத்தூர் போனாரு. காட்டறதுக்கு நடுப்பக்கத்த நான்தான் சுத்திக் குடுத்தேன். மூணு நாள் நாலு ஆபீஸ் மேசைல கெடந்துட்டு வந்துச்சு.”

ஒன்பது பேரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். இடம் போதவில்லை; மூன்று பேர் வாசலில் நின்றார்கள்.

ஏகநாதன் நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க, இது என்ன கல்யாண ஊடா? ஒருத்தர் ஒருத்தரா வாங்க.”

“ஒருத்தர் ஒருத்தரா வந்துதான் இந்தக் கதி ஐயா” என்றாள் மூக்கம்மா.

“பெட்டியத் தெறங்க சார்,” என்றாள் லீலாவதி. “எல்லாரும் இருக்கறப்பவே எண்ணிரலாம்.”

“அத அப்பவே அடுப்புல போட்டுட்டனே. எழுதினவங்க மானம் போகக் கூடாதில்லீங்களா?”

“எழுதினது நான் ஒருத்திதானுங்க. எம் மானம் போயிருச்சு. மிச்சம் ஆறு சீட்டு எங்கிருந்து வந்துச்சுங்க?”

“அந்தப் படம் கோயமுத்தூருக்கு உங்க கார்லதானுங்களே போச்சு?” என்றும் அவள் கேட்டாள். ஏகநாதன் குரலைத் தாழ்த்தினார்.

“இத பாருங்க. நான் அடிச்சுப் பேசற ஆளில்ல. மோசசுக்கு நல்ல சர்ட்டிபிகேட் தர்றேன். நானே ஒரு எடத்துல சொல்லியும் விடறேன். உங்க எல்லாருக்கும் புது ஸ்வெட்டர். ஆனா அவன் ஞாயித்துக்கெழமையே கெளம்பிரணும்.”

“ஞாயித்துக்கெழமையே ஏனுங்க?” சகாயம் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தான். “திங்கக்கெழமை என் கை வெட்டுப்பட்டத விசாரிக்க பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா? மனு எழுதினவனும், பக்கத்துல நின்னு பாத்தவனும் அவன்தானே?”

அறையில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. முதலாளிக்குத் தேவைப்பட்டது திருடன் அல்ல. சாட்சி இல்லாத ஒரு திங்கட்கிழமை.

மோசஸ் அந்த அறையில் முதல் தடவையாகப் பேசினான். “நாலாயிரமும் அடிச்சாச்சுங்க. என் வேல முடிஞ்சுது. திங்கக்கெழமையும் நான் இங்கதான் நிப்பேன்.”

“மோசஸண்ணா மேல சொன்னதத் திரும்ப வாங்கிட்டேன்னு எழுதிக் குடுங்க சார்,” என்றாள் லீலாவதி. “அதுவரைக்கும் ஒரு புத்தகத்தையும் வெட்டப் போறதில்ல.”

தைத்து, வெட்டாத புத்தகம் விற்காது. பக்கங்கள் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். ஏகநாதன் எழுந்தார். குரல் இப்போது தாழவில்லை.

“கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கொண்டாந்து வெட்டிக்குவேன்!”

“கொண்டாங்க,” என்றான் சகாயம். “அவங்களும் பத்து வெரலோடதானுங்களே வருவாங்க.”

நாலு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. பனி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. எட்டு பேர் கட்டிங் மெஷினைச் சுற்றித் தரையில் அட்டைகளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே முதலாளி யாருக்கோ டிரங்க் கால் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். ஆள் வருமா, போலீஸ் வருமா, பூட்டு வருமா என்று யாருக்கும் தெரியாது. மூக்கம்மா பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

லீலாவதி தள்ளி, ஜன்னலோரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அங்க காத்தடிக்கும்,” என்றான் மோசஸ், அவளைப் பார்க்காமல். “இங்க வா.”

“கோவம் போயிருச்சுங்களா அண்ணா?”

“இல்ல. அது உனக்கும் எனக்கும். அத அப்பறம் பேசிக்கலாம்.” அவன் சற்று நகர்ந்தான். வீரம்மாவும் நகர்ந்தாள், அவளையடுத்து சகாயம். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. “உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். மூக்கம்மா அவள் கையில் ரொட்டித் துண்டை வைத்தாள். வெளியே ஹாரன் இன்னொரு தடவை அடித்துவிட்டு ஓய்ந்தது. வேன்காரர் இன்ஜினை அணைத்து, மப்ளரை இறுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“என்னங்க, லேட்டாகுமா?” என்றார்.

“ஆகும்” என்று ஒன்பது பேரும் சொன்னார்கள்.