சாத்துர்னினாவுக்குப் படுக்கை இல்லை

1

இந்தக் கதை இன்று காலை காலி வண்டியில் பிறந்தது. நான் சுகாதார நிலையத்து ஓட்டுநர். மலை மேல் இருக்கும் சாத்துர்னினாவைக் கூட்டிவரப் போனேன். அவளுக்கு ஒன்பதாம் மாதம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. வீட்டில் வலி வந்தால் இரண்டு உயிரும் தங்காது என்று நர்ஸ் யொவானா சொல்லிவிட்டார். கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இல்லம் இருக்கிறது.

“நான் வந்துட்டா கினிப்பன்றிக்கு யாரு புல்லு போடுவா? உங்கப்பனா?” என்றாள் சாத்துர்னினா. கறிக்காக வளர்க்கிற கினிப்பன்றி ஒன்பது; புருஷன் சுரங்க வேலைக்குப் போயிருக்கிறான்.

“ஒம்பது எலிக்காக உயிரை விடுவியா?”

“எலியாம்ல! போன திருவிழால எங்க வீட்டுல ரெண்டு தின்னீங்களே அண்ணே, அப்ப எலியாத் தெரியலையா?”

திரும்பிவிட்டேன். கதையிலாவது அவளைக் கூட்டிவருகிறேன்.

2

‘மலை மீது பனி மெல்லப் படர்ந்திருந்த...’

(வேண்டாம். வெயில்தான் அடித்தது.)

கதையில் அவள் ஒன்பது கினிப்பன்றிகளோடும் வந்து இறங்குகிறாள். தலைநகர் லிமாவிலிருந்து மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். அவரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன், முடியவில்லை. சட்டம் தெரிந்த நல்ல மனுஷன்.

“இங்க கர்ப்பிணிங்க மட்டும்தான் தங்கலாம்.”

“சார், இதுல ஏழு கர்ப்பம்தான்,” என்கிறார் யொவானா.

மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்க்கிறார். உண்மைதான்.

“அப்பப் பேரெழுதுங்க. ஆம்பளைங்க ரெண்டும் வெளிய.”

ஏழுக்கும் எடை பார்த்து, கர்ப்பிணி அட்டை போட்டுக் கொடுத்தாயிற்று. (ஒன்று தன் அட்டையைத் தின்றுவிட்டது. அதற்கு நகல் கொடுத்தார்கள்.)

இல்லத்தில் படுக்கை மொத்தம் ஏழு.

“இடம் முடிஞ்சிடுச்சு தாயி. அடுத்த வாரம் வாயேன்,” என்கிறார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

“அடுத்த வாரம் நான் இருப்பேனா சார்?”

3

முடிவு அ: ஏதாவது ஒன்று குட்டி போட்டால் ஒரு படுக்கை காலியாகும். எல்லோரும் சுற்றிக் குந்தி, “முக்குடி கண்ணு, முக்கு!” என்கிறார்கள். சாத்துர்னினா தன் வலியோடு அதன் இடுப்பை நீவிவிடுகிறாள்.

முடிவு ஆ: சாத்துர்னினா வாசற்படியிலேயே

(அடித்துவிட்டேன். கை வரவில்லை.)

முடிவு இ யோசிக்கும்போது யொவானா தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டார்.

“ஏன் அண்ணே, நிஜத்துல நம்ம இல்லம் காலியாத்தானே கெடக்கு? அவளை எதுக்கு வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க?”

“கதைக்கு ஒரு சிக்கல் வேணும்ல...”

“குழந்தை குறுக்கக் கெடக்கு. அந்தச் சிக்கல் போதாதா? கொல்லையில இடம் இருக்கு. புல்லு நான் போடுறேன்.”

4

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. பின்சீட்டைக் கழற்றினால் ஒன்பதும் ஏறும். அதற்கு முன் ஒரு கூண்டு அடிக்க வேண்டும்.