எழுவர் பெயர்க்கல்

இளவெயில் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் விளைநிலங்களின்மேல் பரவ, பனித்துளி சூடிய புல்நுனிகள் தலைசாய்த்து நிற்க, வானம்பாடிகள் உயர்ந்தெழுந்து பாட, ஒரு காலத்தில் குண்டு சுமந்த வானூர்திகள் உறுமி எழுந்த அந்நெடும்பாதை, இன்று வெடிப்புதோறும் பூண்டு முளைத்து, முதுமையுற்ற களிறு படுத்துறங்குவதுபோல் வயல்களின் நடுவே கிடப்பதைக் காண்பீராக, நல்லறிவுடையீர். அதன் ஓரத்தில் கண்ணாடி இழந்த கண்காணிப்புக் கோபுரமும், கூரை சரிந்த கொட்டகைகள் இரண்டும், முந்தைய நாள்தான் நட்டு நிறுத்திய புதிய கருங்கல் ஒன்றும் நின்றன.

அக்கல்லை வடித்த கல்தச்சர் ஈரத்துணியால் அதனைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபுரத்தின் மேலறையில், புழுதியின் கீழ் அழியாது எஞ்சிய கரும்பலகையில், எழுவர் பெயரும் அவர்தம் ஊர்தி புறப்பட்ட வேளையும் எழுதப்பட்டிருக்க, திரும்பிய வேளைக்குரிய கட்டம் மட்டும் வெறுமையாய் இருந்தது. படையின் ஏடுகள் தீக்கிரையாகிவிட்டமையால், அவ்வெழுவரும் மீளாது மாண்டனர் என்றே ஊரார் முடிவுசெய்து இந்நினைவுக்கல் எடுத்தனர். ஆறு திங்கள் அப்பெயர்களோடு பழகிய கல்தச்சருக்கு அவர்கள் உடன்பிறந்தாரைப்போல் ஆகிவிட்டனர். உண்ண எழும்போதும் கல்லை நோக்கி, "இதோ வந்துடறேம்ப்பா" என்று சொல்லிச் செல்வார் என அவர் மனைவி நகைப்பாள்.

கல்லைத் திறந்துவைக்கும் செய்தியை நாளிதழில் கண்டு, மகளின் தோளைப் பற்றியவாறு எண்பதை எட்டிய மூதாட்டி ஒருத்தி அக்காலையில் வந்தாள். போர்க்காலத்தில் அக்கரும்பலகையில் எழுதும் பணி புரிந்தவள் அவளே. பெயர்களை விரலால் தடவி வந்தவள் நான்காம் பெயரில் நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று கல்தச்சர் எண்ண, அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவரு எங்க வீட்டுக்காரர், தம்பி. அம்பத்திநாலு வருஷம் எங்கூடக் குடித்தனம் பண்ணாரு. ஆறு வருஷம் முன்னாடிதான் போனாரு, அதுவும் தூக்கத்துல."

கல்தச்சரின் கைத்துணி நழுவி விழுந்தது. "அப்போ அந்தப் பலகை?"

"எழுதாம விட்டது நான்தான். விடிஞ்சும் இவங்க வரலை. அப்புறம் பத்து மைல் தள்ளி ஒரு வயல்ல இறங்கிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினவ, திரும்ப மேல ஏறவே இல்ல. மறுநாளே எங்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

"அப்பா இருந்திருந்தா மூணு நாள் விடாம சிரிச்சிருப்பாரு," என்றாள் மகள்.

ஆயினும் மூதாட்டியின் விரல் ஏழாம் பெயரை அடைந்தபோது, விளக்கைக் காற்று தொட்டாற்போல் அவள் முகம் வாடிற்று. "இவன் மட்டும் வரலை. விமானத்து வால்ல உக்காந்து சுடற துப்பாக்கிக்காரன், பத்தொன்பது வயசு. எங்கிட்ட சாக்பீஸ் திருடிட்டுப் போய் விமானத்து மூக்குக்கு மீசை வரைவான். வயல்ல இறங்கறப்பவே அவனுக்கு உயிரில்ல."

வெட்கத்தால் செவி சிவந்த கல்தச்சர் உளியை எடுத்தார். "மத்த ஆறு பேரையும் செதுக்கி எடுத்துடறேம்மா. உயிரோட வந்தவங்களை நானே சாகடிச்சுட்டேன்."

அவள் அவர் கையைப் பற்றினாள். "வேணாம் தம்பி. அன்னிக்கும் வால்ல அவன் தனியாத்தான் உக்காந்திருந்தான். இங்கயாவது எல்லாரும் கூட இருக்கட்டும்."

கல் அவ்வாறே நின்றது. ஆனால் கல்தச்சர் வாளாவிருந்தாரல்லர். மூதாட்டி கூறிய ஊர்களுக்கெல்லாம் மடல் விடுத்து, மறுமொழி வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பெயரின் கீழும் அவரவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பொறித்தார்: எழுபத்தொன்று, அறுபத்து மூன்று, எண்பது என. ஒருவர் மட்டும், ஊர்தியில் கம்பியில்லாத் தந்திச் செய்தி வாங்கும் பணியிலிருந்தவர், தொலைவிலுள்ள நகரொன்றில் இன்னும் உயிரோடிருந்தார்.

இளவேனிலில் அவர் ஊன்றுகோலோடு வந்து, தம் பெயரை நெடுநேரம் நோக்கினார்.

"எழுத்து நல்லாருக்கு தம்பி. என் வயசுக்கு இடம் விட்டிருக்கீங்களா?"

"விட்டிருக்கேங்க. ஒண்ணும் அவசரமில்ல."

வாய்விட்டு நகைத்தவர், பின்னர் ஏழாம் பெயரின் முன் சென்று, தொப்பியைக் கழற்றி, விரலைப் பத்தொன்பது என்னும் எண்ணின்மேல் வைத்து நின்றார். போர் விழுங்கியோர் பெயரை மட்டுமே கல்லில் வடிப்பது உலகத்தார் இயல்பு. இக்கல்லோ, அவ்விளைஞன் இழந்த வாழ்வு எத்துணை நெடியது என்பதை, அவன் தோழர் வாழ்ந்த ஆண்டுகளால் அளந்து காட்டி நிற்கின்றது.