இந்தியாவுக்குள் மட்டும்

தொண்ணூற்றேழில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன எங்கள் மகன் ஜெனோ, போனில் கேட்டது ஒரே ஒரு இன்ஜினியரிங் புத்தகம். அங்கே அது யானை விலையாம். வண்ணார்பேட்டைக் கடையில் அதுவே மலிவுப் பதிப்பாகக் கிடைக்கிறது. வாங்கிவிட்டார், ஆனால் அனுப்ப என் வீட்டுக்காரர் நேசையா சாருக்கு மனசு வரவில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியார் அல்லவா! புத்தகத்தைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். இந்தியாவில் மட்டுமே விற்பனைக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

“நம்ம பிள்ளைங்க படிக்கட்டும்னு கம்பெனிக்காரன் விலையைக் குறைச்சுத் தாரான், ஹெப்சி. அதை அங்க அனுப்புனா நாளைக்கு இங்க உள்ளவனுக்கும் கிடையாதும்பான்.”

“அப்போ ஜெனோ யாரு பிள்ளை? பிளேன் ஏறிட்டா நம்ம பிள்ளை இல்லன்னு ஆயிருமோ?”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூப்பிட்டவன், அதற்கப்புறம் மாதம் தவறாமல் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் நாலைந்து புத்தகத்தின் பெயர் சொல்வான்; இவரும் வாங்கி அனுப்புவார். பிள்ளை இப்படி விழுந்து விழுந்து படிக்கிறானே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் பையன்கள் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது என்று இவர் ஒருநாள் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

போன பார்சலில் எனக்கு ஓர் ஆசை. பள்ளிக்கூட நாளில் செய்ததுபோல எல்லாப் புத்தகத்துக்கும் காக்கி அட்டை போட்டேன். முதல் பக்கத்தில் ‘நே. ஜெனோ’ என்று அழியாத மையில் குண்டு குண்டாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது.

“பேரை எதுக்கும்மா எழுதுன?” என்று எரிந்து விழுந்தான். “இனி யாரு வாங்குவா?”

“புஸ்தகத்தை விக்கியாய்யா?” என்றேன்.

“இங்க எல்லாரும் செய்யுதாங்கம்மா. அடுத்த தடவை ஒண்ணும் எழுதாம அனுப்பு.”

ஆறு பெயர் சொன்னான். வைத்துவிட்டான். சாப்பிட்டியா என்று கேட்கக்கூட விடவில்லை.

இவரிடம் சொன்னால் அன்றோடு நிறுத்திவிடுவார். புத்தகம் நின்றால் போனும் நின்றுவிடும். பெற்றவளுக்குத் தெரியாதா அது?

“என்ன சொல்லுதான்?” என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“ராத்திரி பகலா படிக்கானாம்,” என்றேன். “இன்னும் ஆறு புஸ்தகம் வேணுமாம்.”