அழுத்தியதும் எடுத்ததும்

…"ரொட்டி இருக்கா, வாங்கிட்டு வரணுமா?" என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டபோது நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தேன், பாதிதான் காதில் விழுந்தது, "ம்" என்றேன், அது வாங்கி வாருங்கள் என்ற ம்மா, இருக்கிறது என்ற ம்மா, எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்... எங்களுக்குள் ஒரு ம் போதும் என்று பிறரிடம் பெருமையடித்துக்கொள்வேன், போதாது போலிருக்கிறது. "கதவைச் சாத்திக்கோ" என்றார், செருப்புச் சத்தம் படியிறங்கியது, அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது, தம்பி கடைக்குப் போய் முடுக்கிக்கொண்டு வருகிறேன் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். வாரம் தவறாமல் தளரும் திருகு அது. பழம் நறுக்கும் கத்தியின் முனையால் அவரே அதைத் தளர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன், நான் பார்த்தது அவருக்கும் தெரியும், ஓய்வு பெற்ற மனிதர் தம்பியின் கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்து பேச ஒரு சாக்கு வேண்டாமா, தெரியாத மாதிரி இருப்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்... இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது வியாபாரிகள் சங்கத்து மாடி அறையில், முதல் வரிசை நாற்காலியில், அவர் இறந்துபோய்ச் சில மாதங்கள் ஆன பிறகு ஒரு சாயங்காலம். எதிரே சுவரில் பேனர், "நகர மையத்தைக் காப்போம்" என்று சிவப்பு எழுத்து, அதன் கீழே அவர் படம். எங்கள் இருவர் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், என்னை நீக்கியவர்கள் அவர் தோளில் கிடந்த என் விரல்களை நீக்க மறந்துவிட்டார்கள். நான்கு விரல், ஒரு மோதிரம், கை இல்லை, ஆள் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடிக் கிடக்கும் பழைய லாட்ஜை மாநகராட்சி வாங்கிச் சீர்செய்து, கடை வாசல்களிலும் சுரங்கப்பாதையிலும் படுத்துக் கிடப்பவர்களுக்கு ஆளுக்கு ஓர் அறை கொடுக்கப் போகிறது, அது கூடாது என்று தீர்மானம் போடத்தான் கூட்டம். சங்கச் செயலாளர் என் கொழுந்தனார். மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், என்னைப் பார்த்து "தண்ணி வேணுமா அண்ணி?" என்று உதட்டசைவில் கேட்டார், நான் வேண்டாமென்று தலையாட்டினேன். கடைசியில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அதுதான் ஏற்பாடு. என்ன இரண்டு வார்த்தை? "நீங்க ஒண்ணும் பெரிசாப் பேச வேண்டாம் அண்ணி, அண்ணனுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னு சொன்னாப் போதும், உங்க முகத்தைப் பார்த்தாலே எல்லாருக்கும் புரிஞ்சிடும்." என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறது... அண்ணனுக்கு நடந்தது. என்ன நடந்தது தம்பி, உங்களுக்குத் தெரியுமா, தெரிந்துதான் சொல்கிறீர்களா? இந்த ஒரு கேள்வியை இத்தனை மாதமாக நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

திருகு முடுக்கக் கிளம்பிய அன்று அவர் சுரங்கப்பாதையில் விழுந்தார். அந்தப் பக்கம் ஏறினால் தம்பி கடை, இந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் நூலகம், நடுவில் பாதி வெளிச்சம். யாரோ அலற, கொழுந்தனார் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார், அங்கே அண்ணன் மல்லாந்து கிடக்கிறார், சட்டைப் பொத்தான்கள் அறுந்து கிடக்கின்றன, பழைய கோட்டு ஒன்றைப் போட்ட ஒரு தாடிக்காரன் அவர்மேல் குனிந்து மண்டியிட்டு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருக்கிறான். நானாக இருந்தாலும் என்ன நினைத்திருப்பேன்? கோட்டைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதியது கொழுந்தனார்தான், அதன் பிறகு ஓடி வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது ஒருவர் ரத்தம் ஒழுகச் சுவரோரம், ஒருவர் அசைவில்லாமல் நடுவில். மருத்துவமனை நடையில் டாக்டர் என்னிடம் சொன்னார், சின்ன வயதுப் பெண், கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம், "ஹார்ட் நின்னிருக்கும்மா, அடிபட்ட காயம் எதுவும் இல்ல. விலா எலும்பு உடைஞ்சிருக்கு, அது யாரோ நல்லா அழுத்தினதால, சரியான இடத்துல அழுத்தியிருக்காங்க, நடுவுல நிறுத்தாம இருந்திருந்தா..." அப்போது கொழுந்தனார் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றார். டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சொல்ல முடியாது" என்று முடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல்ல முடியாதுக்கு முன்னால் இருந்தது அவர் காதில் விழுந்ததா இல்லையா? பாட்டிலின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார், நான் வாங்குவதற்குள் தானே மறுபடி மூடிவிட்டார், அண்ணன் செத்தால் தம்பிக்கு நிதானம் தப்பாதா, அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது...

போலீஸ் அந்தக் கோட்டுக்காரனை விட்டுவிட்டது, கடைத்தெரு விடவில்லை. அடித்துப் போட்டுவிட்டார்கள், பணத்துக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கொன்றுவிட்டான், இப்படியே கதை வளர்ந்தது. ஒரு முறை ஆரம்பித்தேன், "தம்பி, அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..." அவர் எங்கள் சமையலறையில் நாற்காலிமேல் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தார், கீழே பார்க்காமலே "விடுங்க அண்ணி, காலில் கிடந்த செருப்பைக்கூட விடலை அவன், அதைச் சொல்லுங்க" என்றார். அதுவும் உண்மை. மருத்துவமனையில் என்னிடம் கொடுத்த பையில் சட்டை இருந்தது, கண்ணாடி இருந்தது, செருப்பு இல்லை. அதன் பிறகு நான் பேசவில்லை. தினமும் சாயங்காலம் வருகிற மனிதர், அடுப்பு அணைத்திருக்கிறதா, பின்கதவு தாழிட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா அண்ணி, சும்மா ம்முன்னு சொல்லாதீங்க" என்று தட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர், அவரைப் பார்த்து, உங்கள் அண்ணன் நெஞ்சிலிருந்த கையை எடுத்துப் போட்டது நீங்கள்தான் என்று எந்த வாயால் சொல்வது?

மைக்கில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் எழுந்து, "ரூம் குடுக்கறாங்கன்னா நானும் நாளைக்கே தெருவுல படுத்துக்கிறேன்யா" என்றார், பின்னாலிருந்து "உன் வீட்டுக்காரி தினம் அதைத்தானே சொல்லுது" என்று ஒரு குரல், அறையே சிரித்தது, டீக்கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன், உடனே பக்கத்து நாற்காலி அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாதோ? பேனரில் இருப்பவரின் மனைவிக்கு என்று ஒரு முகம் உண்டு போலிருக்கிறது. பிறகு மருந்துக்கடைப் பெண் எழுந்தாள், அவள் சத்தம் போடவில்லை, "கடையைச் சாத்திட்டு அந்தப் பாதையில போறப்ப எனக்கு உள்ளங்கை வேர்த்துடுது. ஒருநாள் ஒருத்தன் பின்னாடியே வந்தான், என்னமோ திட்டிக்கிட்டே வந்தான். அவங்க பாவம்னு எனக்கும் தெரியும். ஆனா என் பயத்தை யாரும் தப்புன்னு சொல்லாதீங்க" என்றாள். யாரால் சொல்ல முடியும்... வீட்டு வசதித் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள் அவளுக்கு நேராகத் திரும்பி, "உங்க பயத்தை நான் தப்புன்னு சொல்லலைம்மா. அந்த ஆளும் பயந்துட்டுதான் இருக்கான். படுக்க ஓர் இடம், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அதுதான் நாங்க குடுக்கறது, வேற பெரிய அதிசயம் ஒண்ணும் இல்ல" என்றாள். உள்பக்கத் தாழ்ப்பாள். எனக்கு நூலகத்துக் கழிவறை ஞாபகம் வந்தது. தெருவாசிகள் பகலெல்லாம் எங்கள் வாசிப்பறையில்தான் இருப்பார்கள், தூங்கக் கூடாது என்பது விதி, அதனால் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள், ஒருவர் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்து நான் எழுப்பாமல் தாளை மட்டும் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். கழிவறைக்குள் போனால் வர மாட்டார்கள், நான் போய்த் தட்டுவேன், உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இருக்காது, சும்மா உட்கார்ந்திருப்பார்கள், தாழிட்டுக்கொண்டு. நாள் முழுக்க அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே தாழ்ப்பாள் அது. எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது, அதுவரை நான் தட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

கூட்டத்துக்கு முன்பே ஒருநாள் கோட்டுக்காரரும் அந்த வாசிப்பறைக்கு வந்தார். புருவத்தில் தையல் போட்ட தழும்பு, நான் முதலில் பார்த்தது அதையல்ல, காலை. பழுப்பு நிறச் செருப்பு, இடதுபக்க வார் அறுந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் கறுப்பு நூலில் தைத்துக்கொண்டது... எழுந்து போனேன், ஏன் போனேன், என்ன கேட்கப் போகிறேன் என்று ஒன்றும் யோசிக்கவில்லை, "இது என் வீட்டுக்காரர் செருப்பு" என்று மட்டும் வந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஆமாம்மா. கீழே கிடந்துச்சு, அவரை ஏத்திட்டுப் போயிட்டாங்க, தெருக் கூட்டுறவங்க வந்தாக் குப்பையில தள்ளிடுவாங்க. எனக்கு வேண்டியிருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்." ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. "நெஞ்சை ஏன் அழுத்தினீங்க?" "நீச்சல்குளத்துல வேலை பார்த்தேன், அப்பச் சொல்லிக்குடுத்தது. விழுந்தவரைப் பார்த்தா கை தானாப் போயிடும். விட மாட்டேன்னுட்டாங்க." குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார், "இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க." "போட்டுக்கங்க, இங்க வெறுங்காலோட உட்காரக் கூடாது" என்றேன். அதுவும் விதிதான். நல்லவரா அவர்? தெரியாது. அழுத்தியதும் அவர்தான், எடுத்ததும் அவர்தான். வீட்டுக்குப் போய் அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், மனதுக்குள் நன்றி சொல்லிப் பார்த்தேன், இரண்டும் பாதியிலேயே நின்றுவிட்டன.

"இப்ப எங்க அண்ணி ரெண்டு வார்த்தை பேசுவாங்க." எழுந்தேன். மைக் என் உயரத்துக்கு இல்லை, கொழுந்தனார் வந்து இறக்கி வைத்தார், அவர் சட்டையில் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை. அவர் எனக்கு மிக அருகில் நின்றார், நான் அழுதால் பிடித்துக்கொள்ள. அந்த அக்கறைதான் என்னைக் கொன்றது... சொல்லாமல் இறங்கிவிடலாம், ஒரு லாட்ஜ் போனால் வேறு கட்டடம் வராதா, எனக்கென்ன வந்தது, ஆனால் அந்தப் படத்தின் கீழே நின்று நான் வாயைத் திறக்காவிட்டால் அவரை இவர்கள் இன்னொரு தடவை கொல்வார்கள், அதற்குச் சாட்சி நான். "என் வீட்டுக்காரரை யாரும் அடிக்கலை" என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அவருக்கு ஹார்ட் நின்னுபோச்சு. அந்தக் கோட்டுப் போட்டவர் அவரைக் காப்பாத்தத்தான் நெஞ்சை அழுத்தினார். டாக்டர் என்கிட்ட சொன்னாங்க. செருப்பை எடுத்ததும் அவர்தான், அதையும் சொல்லிடறேன். அந்தப் பாதையில பயமா இருக்குன்னா விளக்குப் போடுங்க, காவல் போடுங்க. அவர் பேரைச் சொல்லி யாருக்கும் கதவு இல்லாமப் பண்ணாதீங்க." பின்வரிசையிலிருந்து டீக்கடைக்காரர் கேட்டார், அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார், "அப்ப அவன் கையை யாரும்மா இழுத்துவிட்டது?" எனக்கு இடதுபுறம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கொழுந்தனார் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார். சுருட்டுவதை நிறுத்திவிட்டார். "கூட்டம்" என்றேன். "யார் யாரோ இருந்திருப்பாங்க. கூட்டத்துல யாருன்னு சொல்ல முடியாது." உண்மை பேச எழுந்தவள் அதோடு ஒரு பொய்யையும் சேர்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தீர்மானத்தைத் தள்ளி வைத்தார்கள், கைவிடவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள், மருந்துக்கடைப் பெண் மட்டும் வந்து, "விளக்குப் போடச் சொன்னீங்களே, அதுக்குத் தேங்க்ஸ்மா" என்றாள். கொழுந்தனார் வழக்கம்போல என்னை வீட்டில் விட வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. என் வீட்டுக்காரர் விழுந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சாலையைச் சுற்றிக்கொண்டு மேலேதான் போவோம், அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அன்றைக்கு அவர் நேரே சுரங்கப்பாதைப் படியில் இறங்கினார். கோபமா, என்னைத் தண்டிக்கிறாரா என்று நினைத்தேன், பின்னாலேயே இறங்கினேன். ஈரத் தரை, அட்டைகள், போர்வைக்குள் யாரோ இருமினார்கள், ஒருவர் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். பாதி வழியில் கொழுந்தனார் நின்றார். தரையைப் பார்த்தார், தரையில் ஒன்றும் இல்லை.

"எதுக்கு அண்ணி கூட்டம்னு சொன்னீங்க?" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் காத்திருக்கவில்லை. "அன்னிக்கு நான் பிடிச்சு இழுக்கறப்ப அவன் எண்ணிக்கிட்டிருந்தான் அண்ணி. சத்தமா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே அழுத்திட்டிருந்தான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. திருட வந்தவன் எதுக்கு அண்ணி எண்ணப்போறான்?" அப்படியானால் மருத்துவமனைக்கு வரும்போதே, பாட்டிலைத் திறக்கும்போதே, நாற்காலிமேல் ஏறி பல்பு மாற்றும்போதே... நான் அவரிடமிருந்து மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை அவர் எனக்கு முன்னாலிருந்தே சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் தோளைத் தொட்டேன், அவர் நகரவில்லை, மேலே வண்டிகள் ஓடும் அதிர்வு கூரையில் வந்து வந்து போனது. பிறகு நடந்தோம், படியேறினோம், அவர் வந்து அடுப்பைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார், போனார். இன்றும் வருகிறார். அந்தக் கோட்டுக்காரர் எண்ணியது எந்த எண்ணில் நின்றது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.