மழையில் கிடந்த சிமெண்டு மூட்டைகள்

கட்டடத்தைப் பார்த்ததும் கொத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரிய திரையில், பாதி கட்டி நிற்கும் எட்டு மாடி, விடாத மழை. அதற்குள் துப்பாக்கியோடு ஓடி எதிரிகளைச் சுட வேண்டுமாம். அந்தக் கணினி விளையாட்டுக்கான கட்டடத்தை உருவாக்கியவர் அவருடைய தங்கை கணவர். ‘உயிரே இல்லை’ என்று கம்பெனியை நடத்தும் மேடம் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். இன்றும் தேறாவிட்டால் மாப்பிள்ளைக்கு வேலை போய்விடும். தங்கை காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால்தான் கொத்தனார் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, இந்தக் குளிர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“எப்படி மச்சான்? உள்ளயே நிக்கற மாதிரி இல்ல?”

“நின்னா விழுந்துடுவேன். சாரத்தை எதோட சேத்துக் கட்டியிருக்கீங்க மாப்ள? காத்தோடயா?”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

“செங்கல்லு மாத்தி மாத்தி அடுக்காம ஒண்ணு மேல ஒண்ணு நேரா நிக்குது. ஒரு தும்மல் தாங்குமா? முப்பது ஆள் வேலை செய்யற எடத்துல ஒரு செருப்பு இல்ல, சாப்பாட்டுப் பை இல்ல, ஒதுங்க ஒரு மறைப்பு இல்ல. வயித்தை வீட்டுல கழட்டி வச்சிட்டு வருவானுங்களோ?”

“ஆடறவங்க அதையெல்லாம் பாக்க மாட்டாங்க மச்சான். அந்த உலகத்துல இருக்கற உணர்வுதான் முக்கியம்.”

“நல்ல உலகம்!”

மேடம் வந்து ஆட உட்கார்ந்தார். ஓடிப் போய் சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார். குண்டுகள் மூட்டையைத் துளைத்துக்கொண்டு வந்தன. திரை சிவந்தது. செத்துப் போனார்.

“ஒளிஞ்சாலும் சாகறேன். இதை எவன் ரெண்டாவது தடவை ஆடுவான்?”

“மூட்டையைக் குண்டு துளைக்கும் மேடம்... அதான் நிஜம்...” மாப்பிள்ளையின் குரல் உள்ளே போய்விட்டது.

கொத்தனாரால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. “இங்க எத்தனை நாளா மழை?”

“கதைப்படி ஒரு வாரம்.”

“ஒரு வாரம் தார்ப்பாய் போடாம மழையில கிடந்தா அது மூட்டையா? பாறை! முட்டினா மண்டைதான் உடையும். குண்டாவது துளைக்கறதாவது!”

மேடம் நாற்காலியோடு திரும்பினார். “இதுதான்! மழை பெஞ்சா அது எதையாவது மாத்தணும் இல்ல? இந்த உயிரைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

அரை மணியில் மாப்பிள்ளை மூட்டைகளைக் கல்லாக்கினார். குண்டுகள் பட்டுத் தெறித்தன. மேடம் பிழைத்தார், மாப்பிள்ளையும் பிழைத்தார். “என்ன நுணுக்கமான மூளை!” என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார் மேடம். அறையே கை தட்டியது. சாரம் அப்போதும் அந்தரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

படியில் இறங்கும்போது மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார். “உங்களாலதான் மச்சான்.”

“நான் என்ன செஞ்சேன்? மூட்டையை மழையில போட்டது நீங்க. எங்க வேலையில அப்படிப் போட்டவனை அன்னிக்கே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவோம். இங்க கை தட்டறாங்க.”

“வீட்டுல என்ன சொல்லட்டும்?”

“வேலை நிலைச்சிடுச்சுன்னு சொல்லுங்க. அந்தச் சாரத்தை மட்டும் தங்கச்சி கண்ணுல காட்டிடாதீங்க. கொத்தனார் வீட்டுப் பொண்ணு.”