நீலம் எரிந்த குப்பி

பம்புசெட்டு அறையின் கதவைச் சாத்தித் தாழிடச் சொன்னது நான்தான். வெளியே சேரன்மகாதேவி வெயில். வெளிச்சத்தில் என் வித்தை பலிக்காது. தார் வெட்டியபின் வயலில் அழுகவிடும் வாழைமட்டையைப் பிழிந்து, கல்லூரி ஆய்வகத்தில் வேகவைத்து, மூன்று வருடம் மாரடித்து எடுத்த பழுப்புத் தண்ணீர் அது. புற ஊதா டார்ச்சை அடித்தால் நீலமாக ஒளிரும். ஈயம் கலந்த தண்ணீரை விட்டால் அணைந்துவிடும். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். உள்ளே இருந்த இருவரும் வாய் பிளப்பதைப் பார்க்கும் அற்ப ஆசையில் சொல்லவில்லை.

பம்புசெட்டுக்குச் சொந்தக்காரர் மகாராஜாவின் இரண்டு பசுக்கள் ஒரே வாரத்தில் நுரைதள்ளிச் செத்திருந்தன. நான்கு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்து வயல் பங்காளி தளவாய் தன் கிணற்றில் எதையோ கொட்டியிருக்கிறான், இரண்டு கிணற்றுக்கும் ஒரே ஊற்று என்று மகாராஜா ஊரெல்லாம் சொல்லிவந்தார். அவருடைய கிணற்றடியில் உடைத்த பேட்டரி ஓடுகள் குவிந்திருந்ததை நான் காலையிலேயே பார்த்தேன். ஈயம் உருக்கி விற்கிறார்.

தளவாய் தன் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் அவரே கொண்டுவந்தார். என் பழுப்புத் தண்ணீர் இருந்த குப்பியில் விட்டு டார்ச்சை அடித்தேன். நீலம் எரிந்தது. அந்த ஒளியில் தளவாய் சிரித்தார்.

"வெசம் எரியுது பாத்தியாலே," என்றார் மகாராஜா.

ஸ்பேனரை எப்போது எடுத்தார் என்று தெரியாது. முதல் அடி தளவாயின் மண்டையில். இரண்டாவதில் பல் தெறித்து என் கன்னத்தில் பட்டது. "அண்ணாச்சி, எரிஞ்சா நல்ல தண்ணி," என்று கத்திக்கொண்டு கையைப் பிடித்தேன். உதறியதில் மோட்டாரில் போய் விழுந்தேன். ஐந்து அடிகள் வரை எண்ணினேன்.

வாழைத்தார் ஏற்ற வந்தவர்கள் சத்தம் கேட்டுத் தாழ்ப்பாளை உடைத்து, தளவாயை லோடு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். மூச்சு இருந்தது.

"நல்ல தண்ணின்னா, அப்ப என் தண்ணி?" என்றார் மகாராஜா.

எனக்கு அவர்மேல் துளி இரக்கமில்லை. கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் கிணற்றுத் தண்ணீரை அடுத்த குப்பியில் ஊற்றி, டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். நீலம் ஒருமுறை மினுங்கி அணைந்தது. ரத்தம் காயாத கையால் அவர் குப்பியைக் குலுக்கினார்.

"பைய எரியும்லா, டீச்சர்?"

மறுபடியும் குலுக்கினார். வெளியே அவர் கிணற்று உருளை கிரீச்சிட்டது. பிள்ளைக்குக் குடிக்க யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

குலுக்கிய கை நின்றது.