சிக்னல் போனால் வரும் படம்

பாண்டி பஜாரில் புகழேந்தியின் ஜவுளிக்கடை முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு எல்இடி சுவர். அதற்கான மென்பொருளை எழுதியவன் தௌசீஃப். கெடுத்தவர் அவன் முதலாளி சாய்சரண்.

சாய்சரணுக்குத் தெரிந்த தொழில்நுட்பம் ‘ஸ்பீடு’ என்ற ஒரு சொல். அதை வைத்தே மயிலாப்பூரில் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். கிராபிக்ஸ் கார்டு அடுத்த படத்தை மறைவில் வரைந்து வைத்திருக்கும். சுவர் தன்னிடமுள்ள படத்தை மேலிருந்து கீழ்வரை காட்டி முடித்து ஒரு கணம் ஓயும். அந்த ஓய்வில்தான் படத்தை மாற்ற வேண்டும். இதைத் தௌசீஃப் அவருக்குப் பலமுறை விளக்கியிருந்தான். அந்தச் சுவருக்கே விளக்கியிருக்கலாம்.

திறப்பு விழா காலையில் அவரே கோடில் கைவைத்து, காத்திருக்கச் சொல்லும் வரியை எடுத்துவிட்டார். சுவரில் ஓடிய புடவை விளம்பரத்தில் மாடலின் தலை ஓரிடத்தில், கழுத்து ஒரு முழம் தள்ளி.

“இன்னாபா இது, பொண்ணை ரெண்டா வெட்டி வெச்சுகிறே?” என்றார் புகழேந்தி.

“ஸ்பீடு பத்தல சார். செகண்டுக்கு நூத்தி நாப்பத்து நாலு படமா ஏத்திடறேன்” என்றார் சாய்சரண்.

தௌசீஃப் குறுக்கே வந்தான். “வேணாம் சார். சுவரு அறுபதுதான் வாங்கும். மேல போனா சிக்னலே கட்டாயிடும்.”

“காத்துண்டு நிக்கறதுக்கா இவ்ளோ பெரிய கார்டு வாங்கினேன்?”

சிக்னல் போனால், சுவரை இயக்கும் பெட்டி தனக்குள் சேமித்திருக்கும் ஒரு படத்தைக் காட்டும். கம்பெனி லோகோ இருக்க வேண்டிய இடம் அது. இருந்தது அஃப்ரா, அவன் மனைவி. பெசன்ட் நகர் கடற்கரையில், வாய் நிறைய மாங்காயோடு. சோதனைக்கு ஏதோ ஒரு படம் வேண்டுமென்று கைபேசியிலிருந்து ஏற்றியது. பிறகு டெங்கு அவளைக் கொண்டுபோனது. அதன்பின் படத்தை மாற்ற அவனுக்குக் கை வரவில்லை.

சாய்சரண் என்டரைத் தட்டினார். சுவர் கறுத்தது. அஃப்ரா வந்தாள். மூன்று மாடி உயரம். கன்னத்தில் மிளகாய்த்தூள்.

தெருவில் போனவர்கள் கைபேசியைத் தூக்கினார்கள்.

“யாருபா இது? சோக்கா கீது பொண்ணு. நம்ம பட்டுப் பொடவை கட்டிக்கினு வரச் சொல்லு” என்றார் புகழேந்தி.

“நம்ம மாடல்தான் சார். ஏற்பாடு பண்ணிடறேன்” என்றார் சாய்சரண். அவன் கல்யாணத்தில் மேடையேறி, அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்.

“வர மாட்டா” என்றான் தௌசீஃப்.

“ஏன், ரொம்ப பிகு பண்ணுமா?” என்றார் புகழேந்தி.

தௌசீஃப் கீபோர்டை இழுத்து அறுபதுக்கு இறக்கினான். எடுத்த வரியைத் திரும்பப் போட்டான். அஃப்ரா போனாள். புடவை பிசிறில்லாமல் ஓடியது.

“பாத்தேளா சார்? நான் சொன்னேனோல்லியோ, ஸ்பீடு!” என்ற சாய்சரண், அவன் பக்கம் குனிந்தார். “அந்தப் படத்தைத் தூக்கிட்டு லோகோ போடு.”

“போட்டுட்டேன் சார்.”

போடவில்லை. மாலைவரை உட்கார்ந்து, அறுபதைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி மென்பொருளைப் பூட்டினான். இனிச் சாய்சரண் எதைத் தட்டினாலும் சிக்னல் போகாது. அவளைத் தெரு பார்க்காது.

அவனும்தான்.